பத்து நிமிஷத்துக்குள் ஒரு மலை ரோடு

கல்யாண வீடியோவில் தாய்மாமன் முகம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று, என்னைப்போல் எடிட்டிங்கில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானாகவே தொழில் கற்று, கம்பத்தில் ராத்திரியெல்லாம் அடுத்த வீட்டுச் சிரிப்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம் என்று ஆன புதிதில், கல்லூரி மாணவி ஜெசிந்தா தன் வகுப்புத் தோழிகளோடு வந்தாள். குண்டும் குழியுமான மேகமலை ரோட்டைப் பற்றிக் கடைசி வருஷப் படம். பத்து நிமிஷம் தாண்டினால் வாத்தியார் வாங்கமாட்டார், வருஷமே போச்சு.

துபாய் டைரக்டர்கள்

படம் முடியுமுன்பே ஒரு துண்டை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டாள். துபாயில் இருக்கும் உத்தமபாளையத்துக்காரர்கள் ஊர்ப் பாலத்தைக் காட்டச் சொல்லி எழுதித் தள்ளினார்கள். எடுத்துச் சேர்த்துவிட்டாள். மலை ரோட்டுப் படத்தில் பாலம் எதற்கு, வெட்டு என்றேன்.

"பாலத்தைப் பாத்து அழுதுட்டேன்னு எழுதிருக்காக. அவுகளை எப்படிண்ணே வெட்டுறது?"

பட்டுச்சேலையில் கொழுந்து

அடுத்த துண்டு ப்ளூடூத்தில் செல்போன் செல்போனாகத் தாவி, மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கே போய்விட்டது. இடுப்பில் சாக்கைக் கட்டித் தேயிலை பறிப்பதையா காட்டுவது என்று பெண்களுக்குக் கோபம். திரும்ப எடுக்கப் போனால் எல்லோரும் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே வரிசையாகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிரசவ வலியோடு ஜீப்பில் சின்னமனூருக்கு இறங்கிய கதையைச் சொன்ன மாரியம்மாக்காவும் பட்டில்தான் இருந்தார். ஏன் என்று கேட்ட ஜெசிந்தாவிடம் சொன்னார்:

"சீரழிஞ்சு கெடக்குறது ரோடு. எங்களை எதுக்குடி சீரழிச்சுக் காட்டுற?"

வெட்டியவர்கள்

படம் அரை மணி நேரத்துக்கு வளர்ந்துவிட்டது. யாரையும் வெட்ட ஜெசிந்தாவுக்கு மனசில்லை. கெடு நெருங்கியதும் கம்ப்யூட்டரையே ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனோம். லயன் வாசலில் படத்தை ஓடவிட்டு, பத்து நிமிஷக் கணக்கைச் சொன்னேன். நாற்காலி பத்தாமல் பாதிப்பேர் நின்றபடியே கேட்டார்கள். பிறகு ஒருத்தி, பாலம் நம்ம ரோட்டிலேயே இல்லையே, போகட்டும் என்றாள். தன் மகன் வரும் இடம் போகட்டும் என்றாள் இன்னொருத்தி. அப்புறம் போட்டி போட்டு வெட்டினார்கள். மாரியம்மாக்கா திரையில் தன் பட்டுச்சேலையை ஆசை தீரப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குரல் போதும், என் மொகத்தை எடுத்துரு ஆத்தா. ஜீப்பு குலுங்குறதுல மட்டும் ஒண்ணைக்கூடக் கொறச்சுராத."

யார் எடிட்டர்?

வாத்தியார் வாங்கிக்கொண்டார், ஜெசிந்தா நல்ல மார்க்கில் தேறினாள். படத்தின் கடைசியில் எடிட்டிங் என்று ஒரு லயன் ஆட்களின் பெயரே ஓடியதைப் பார்த்து, இத்தனை பேரா என்று அவர் கேட்டாராம்.

"ஆமா சார், அம்புட்டுப் பேரும்தேன் வெட்டுனாக. கம்பத்து அண்ணன் மவுஸை மட்டும் பிடிச்சாக."

ஊரே சேர்ந்து எடுக்கிற படத்துக்கு என்னைப் போன்ற ஆளைவிட, கூடுதலாக நாலு பிளாஸ்டிக் நாற்காலிதான் உதவும்.