மாயக்குரல் என்று நான் எழுதியது

சுனாமிக்குப் பிறகு வந்த மாதங்களில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் பவுசர் வண்டிகளோடு நிறையச் சொற்களும் வந்து இறங்கின. மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து என்னை உளநலக் களப்பணியாளர் ஆக்கினார்கள். மனவடு, பதகளிப்பு என்கிற பதற்றம், மனச்சோர்வு, மாயக்குரல் என்று ஒரு பட்டியலையே மனப்பாடம் செய்தேன். அதற்கு முன் தட்டச்சுப் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவள் நான். சொற்கள் வாயில் படிந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தலையிடி என்றால்கூட, பதகளிப்பாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கையில் ஒரு படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். பக்கத்தில் எழுத ஒரு சின்னக் கோடு. வழக்கமாகச் சாப்பிடும் உணவை இப்போது வெறுக்கிறீர்களா என்பது ஒரு கேள்வி. அந்த நாட்களில் கரையோரத்தில் யாரும் கடல் மீனைத் தொடவில்லை. எத்தனையோ உடல்கள் இன்னும் கடலுக்குள் இருந்தன. எல்லோரும் ஓம் என்றார்கள். படிவத்தின்படி பார்த்தால் முழுக் கரையும் நோயாளிகள். நானும் மீன் சாப்பிடவில்லை, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

பனிச்சங்கேணியிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மைதானத்து முகாமில் இருந்த ஒரு பெண்ணிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கணவர் சுனாமி அன்று காலை கரைவலை இழுக்கப் போனவர், உடல் கிடைக்கவில்லை. ஒன்பது வயது மகள் மட்டும் மிச்சம். ஆளில்லாமல் குரல் ஏதும் கேட்கிறதா என்று, படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்.

"ஓம். போன வெள்ளிக்கிழமை கோயில்ல அவர் வந்து கதைச்சவர்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த எவருக்கும் இது விளங்கும். அம்மன் கோயில்களில் உரு வந்து ஆடி வாக்குச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் அவர்கள் வாயால் பேசுவார்கள். வீட்டார் முன்னால் இருந்து கேட்பார்கள், பதில் சொல்வார்கள், அழுவார்கள். எனக்கும் நன்றாகவே விளங்கியது. ஆனால் கொழும்பிலிருந்து வந்த மேற்பார்வையாளர் என் பின்னால் நின்றார். இதையெல்லாம் நம்பும் பட்டிக்காட்டுப் பெட்டை என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கம். படித்த சொல்லைக் காட்ட வேண்டும் என்ற ஆசை வேறு. ஓம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டு, பக்கத்துக் கோட்டில் முத்து முத்தான எழுத்தில் ‘மாயக்குரல்’ என்று எழுதினேன். அவர் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு கிழமைக்குள் அந்தப் பெண் நான் வேலை செய்த கிளினிக் வாசலில் வந்து நின்றார். என் படிவத்தைப் பார்த்துத் தாய்க்கு மனநோய் என்று மகளைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்கப் போகிறார்களாம்; திங்கட்கிழமை வேன் வருமாம். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"புள்ள, நான் சொன்னது ஒண்டு. நீங்க என்ன எழுதினீங்க?"

"பிழையா எழுதிப்போட்டன் அக்கா."

"அப்ப மாத்தி எழுதுங்க. அவளும் போனா எனக்கு ஆரு?"

நேரே எங்கள் டாக்டரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வந்து கொஞ்ச நாள்தான். வாக்குக் கேட்பது என்றால் என்னவென்று அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தக் குரல் அவவுக்கு மட்டுமோ கேட்டது?"

"இல்ல சேர். கோயில்ல இருந்த எல்லாருக்கும் கேட்டது."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அது அந்தப் பெண்ணுக்குப் போதாது என்று தெரிந்தது. "எங்கட அண்ணன சண்டை நேரம் வீட்ட வந்து பிடிச்சிட்டுப் போனாங்க சேர். ஆள் திரும்பி வரல்ல. மறுகா அம்மாவும் நானும் அந்தக் கோயிலுக்குத்தான் போனம். அண்ணன்ட குரல் எனக்கும் கேட்டது" என்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

"அப்ப உமக்கும் ஒரு படிவம் நிரப்ப வேணும்" என்றார் சிரிக்காமல். பிறகு சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

சனிக்கிழமை அவரே முகாமுக்கு வந்தார். யார் சமைப்பது, மகள் பள்ளிக்குப் போகிறாளா, இரவில் நித்திரை வருகிறதா என்று ஒரு மணி நேரம் கதைத்தார். மகளுக்கு இரட்டைப் பின்னல், ரிபன் கட்டியிருந்தது. நோய் இல்லை, துயரம் இருக்கிறது, மகளைப் பிரித்தால் அது கூடும் என்று அங்கேயே இருந்து கடிதம் எழுதினார். படிவத்தில் அந்தச் சொல்லை நான் வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

போர் முடிந்த பிறகும் இதே வேலையில்தான் இருந்தேன். பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வாக்குக் கேட்டுவந்த கதையைச் சொல்வார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுவேன். கோட்டில் இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதுவேன். அந்தத் தாள்களைப் படிக்க டாக்டர்மாருக்கு நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

அந்தத் திங்கட்கிழமை, டாக்டர் கடிதம் எழுதிய இரண்டாம் நாள், சொன்னபடியே வேன் வந்தது. மகள் கூடாரத்துக்குள் போய்த் தாயின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வந்த அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"செத்தவங்கட குரல் கோயில்ல கேக்குமா?" என்றார் என்னிடம்.

"எனக்குக் கேட்டிருக்கு" என்றேன், தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனத்துக்கும் கேட்கும்படியாக. அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். வேன் வெறுமையாகத் திரும்பிப் போனது.

அந்தப் பெண் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு ஆரு வந்து கதைச்ச?"

"அண்ணன்."

"என்ன சொன்னவர்?"

அம்மாவும் நானும்கூட அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

"சாப்பிட்டியா எண்டு கேட்டவர்" என்றேன்.

"என்டவரும் அதத்தான் கேட்டவர்" என்றவர், மகளைக் கூப்பிட்டு, மூன்று கோப்பைகளில் சோறு போட்டார்.