கோணச்சுவர் முத்தையா

அன்று காலை நம் தேயிலைத் தோட்டத்து லயவீடுகளில் தண்ணீர் வரவில்லை. முத்தையாவைத் திட்டிக்கொண்டே மேல்தொட்டிக்கு ஏறிப் போனவர்கள்தான் அவர் இறந்து கிடப்பதைப் பார்த்தார்கள். வரிசையில் வைத்த குடத்தோடு நின்றுகொண்டு நான் அந்தச் செய்தியைக் கேட்டேன்.

தொட்டிக் காவலுக்குப் போகுமுன் அவர் என்னோடு கொத்தனாராக இருந்தவர். உள்ளே தண்ணீர் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில்தான் நாங்கள் மட்டம் பார்ப்போம். ஆளுக்கு ஒரு முனை. நடக்கும்போது சிந்தாமலிருக்கக் கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொள்வோம். நின்றதும் இருவரும் விரலை எடுக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் இரு பக்கமும் ஒரே உயரத்துக்கு வரும். சூரியநெல்லி மலையின் மூடுபனியில் மறுமுனையில் இருப்பவர் தெரியமாட்டார், குரல்தான் வரும்.

“நின்னுருச்சா மாப்ளே?”

“நின்னுருச்சு மச்சான்.”

புது லயத்துக்கு அஸ்திவாரம் போட்ட அன்று குளிரில் என் கை மரத்துப்போயிருந்தது. அடைத்த விரலை எடுக்காமலேயே தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். கூரை ஏற்றும்போதுதான் சுவர் ஒரு பக்கம் நான்கு விரற்கடை தாழ்ந்திருப்பது தெரிந்தது. மட்டம் பார்த்தது யார் என்று தோட்டத்துத் துரை கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“நாந்தான் தொரை” என்றார் முத்தையா.

கொத்துக்கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவரைத் தொட்டிக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘கோணச்சுவர்’ என்ற பெயரும் அன்றிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டது.

ஒரே ஒருமுறை அவரைப் பார்க்க மேலே போனேன். பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஒனக்குப் பிள்ளை பொறந்து ஒரு மாசங்கூட ஆகல. நான் ஒத்தக்கட்ட. எங்க கிடந்தா என்னலே?”

“இங்க தனியா...”

“கீழ குழாயில விரல வச்சு அடைச்சுப் பாரு. தண்ணி தள்ளும்லா? அம்புட்டு ஒசரத்துல இருக்கேன்” என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. காலையில் குழாயடியில் யாரும் இல்லாதபோது மட்டும் விரலை வைத்து அடைத்துப் பார்ப்பேன். தள்ளும்.

அவர் குடிசை ஆணியில் அந்தப் பழைய மட்டக்குழாய் தொங்கியது. அதை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். ஒற்றை ஆளால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கோணச்சுவர் என்று நீங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று விரலை எடுக்காதவன் நான்தான்.