பேரனுக்கு எந்த ஜேர்சி?

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் அன்புவழிபுரத்துத் தம்பதி. மூதூரில் இருக்கும் மகளுக்குப் பிறந்த முதல் பேரனைப் பார்க்கப் போகிறார்கள். கணவரின் மடியில் கைக்குட்டை அளவில் மஞ்சள் நிறப் பிரேசில் கால்பந்து ஜேர்சி. மனைவியின் மடியில் நீலமும் வெள்ளையுமாக ஆர்ஜென்டினா. இரண்டின் முதுகிலும் பத்தாம் இலக்கம்.

“நீங்களே சொல்லுங்கோ தம்பி, பிள்ளைக்கு எதை முதலில போடுறது?” என்று அந்த அம்மா என்னைக் கேட்கிறார்.

“இதில கேக்க என்ன கிடக்கு? பிரேசில்தான்,” என்கிறார் கணவர்.

“கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் இதே கதை. உலகக் கிண்ணம் வந்தா, வீட்டில ரெண்டு பேரும் முகம் பாத்துக் கதைக்கிறேல்லை.”

மூதூர் வரை இவர்களோடுதான் போக வேண்டும். நான் சிரித்துச் சமாளிக்கிறேன்.

படகு வந்து சேரும்போது மகளிடமிருந்து அந்த அம்மாவின் கைபேசிக்கு ஒரு படம் வருகிறது. குழந்தை தூங்குகிறது, போர்த்துக்கலின் சிவப்பு ஜேர்சியில்.

இருவரும் கைபேசியின் மேல் குனிந்து பார்க்கிறார்கள்.

“மருமகன்ர வேலை,” என்கிறார் கணவர்.

“ஓம்,” என்று அம்மா எழுந்து அவர் கையைப் பிடிக்கிறார். “வாங்கோ, முதலில அதைக் கழட்டுவம். பிறகு நாங்கள் சண்டை பிடிப்பம்.”