அவளிடம் ஒரு தரம்தான் கேட்டார்கள்

இது நடந்து இரண்டு வருடமாகிறது. நவம்பர் மாதம், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லம், திங்கட்கிழமைக் கூட்டம் முடிகிற நேரம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. சொற்கள் கொஞ்சம் காரமாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்றவள் நான். அங்கே இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கும். ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டிலிருந்து நான் தொலைபேசியில் கதைத்தால் மேல் மாடிக்காரருக்கும் செய்தி போய்விடும் என்று என் கணவர் சொல்வார்.

என்னோடு வேலை செய்த அவள் எனக்கு நேர்மாறு. சீனாவின் தெற்கே ஒரு நகரத்தில் பிறந்தவள். என்னைவிட இளையவள். கணவர் உணவகமொன்றில் சமையல்காரர், ஒரே மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் இல்லத்தில் அவளுக்கு நிரந்தர வேலை இல்லை. யாராவது சுகயீன லீவு எடுத்தால் கூப்பிடுவார்கள், அவள் ஓடி வருவாள். தொலைபேசி அடிக்கும்வரை இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாது. சாப்பிடும்போதும் அதைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பாள். குளிக்கப் போனால் மகளின் கையில் கொடுத்துவிட்டுப் போவாளாம். மகளின் பள்ளிக்கூட விழாவில், பிள்ளை பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழும்பி வேலைக்கு ஓடி வந்த கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கணவரின் உறவினர் ஒருவர் பேர்கனில் உணவகம் நடத்துகிறார். இரண்டு பேருக்கும் வேலை தருகிறேன், வாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கோ வயதானவர்களைப் பார்க்கும் இந்த வேலைதான் பிடித்திருந்தது. இங்கே ஒரு நிரந்தர இடம் கிடைத்தால் பேர்கன் பேச்சை அடியோடு விட்டுவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவளோடு பழகத் தொடங்கியபோது நான் பட்ட பாடு தனிக் கதை. முதன்முதலில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். எங்கள் ஆட்களுக்குப் போட்டதை மிச்சம் விடாமல் சாப்பிடுவதுதான் மரியாதை. நான் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டேன். உடனே இன்னும் வைத்தாள். அதையும் முடித்தேன். மறுபடியும் வைத்தாள். அவள் ஊரில் தட்டு வெறுமையானால் விருந்தாளிக்கு வயிறு நிறையவில்லை என்று அர்த்தமாம். நான் மரியாதைக்கு முடிக்க, அவள் மரியாதைக்கு வைக்க, திரும்பி வரும்போது ரயிலில் மூச்சுவிட முடியவில்லை. கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு அவளையும் அவளுடைய வாத்துக் கறியையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

வேலையிடத்தில் கதை தலைகீழ். நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனால் அவள் முதலில் வேண்டாம் என்பாள். இன்னொரு தரம் நீட்டினால், பசியில்லை என்பாள். மூன்றாந்தரம் இரண்டு கையாலும் வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிடுவாள். நோர்வேக்காரர் கேக்கை நீட்டி ஒரு தரம் கேட்பார்கள், வேண்டாம் என்றால் தட்டு அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் அவள் இனிப்பே தொடமாட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கிறிஸ்மஸ் பரிசைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தபோது, "அவவுக்குப் பிடிக்கேல்லைப் போல" என்று ஒருத்தி என் காதுக்குள் சொன்னாள். கொடுத்தவர் முன்னால் அவசரமாகப் பிரிப்பது அவளுக்குக் கூச்சம், அவ்வளவுதான். சீனர்கள் எல்லோரும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. தன் வீட்டில் இப்படித்தான் வளர்த்தார்கள் என்று அவள் சொன்னாள். எனக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. எங்கள் வீடுகளில் மட்டும், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லாமல் யார் தேத்தண்ணி குடிக்கிறார்கள்?

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். மேசையில் வாஃபிளும் கோப்பியும் இருந்தன. எங்கள் பகுதிப் பொறுப்பாளர் ஒரு நோர்வேஜியப் பெண். கெட்ட மனுசி இல்லை, சிரித்த முகம். அங்கே நோர்வேஜிய மொழியில் கதைத்ததை நான் என் தமிழில்தான் சொல்ல முடியும்.

"நிரந்தர இடம் ஒண்டு வந்திருக்கு. முதல்ல உன்னைத்தான் நினைச்சனான். உனக்கு விருப்பமோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கேட்டார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, நானோ? எனக்கு இன்னும் பாஷை ஒழுங்கா வராது. என்னைவிடக் கெட்டிக்காரர் இஞ்சை இருக்கினம்" என்றாள்.

பொறுப்பாளர் தலையாட்டினார். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். அப்படியே மற்றப் பக்கம் திரும்பி, கோடையில் வந்து சேர்ந்த ஒரு மாணவியைக் கேட்டார். அந்தப் பிள்ளை வாயில் வாஃபிளோடு "ஓம், சந்தோசமா!" என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். நான் ஊற்றி வைத்த கோப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவளைத் தேடிப் போனேன். துணிகள் வைக்கும் அறையில் நின்று துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துவாயையே பிரித்து மறுபடி மடிப்பதைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உமக்கு வாயில்லையோ? இதுக்குத்தானே இவ்வளவு காலமும் அந்தப் போனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தனீர்?" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவ ஒரு தரம்தானே கேட்டவ" என்றாள்.

அவளே மெதுவாகச் சொன்னாள். "கேட்டவுடனே ஓம் எண்டால், வேலைக்குப் பறந்துகொண்டு திரியிற ஆள் எண்டு நினைப்பினம். ரெண்டாந்தரம் கேப்பா எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

வா, இப்போதே போய்ச் சொல்லுவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரவே மாட்டேன் என்றாள். அந்தப் பிள்ளைக்கு எல்லோரும் கைதட்டியாயிற்று, இனிப் போய்க் கேட்டால் பொறுப்பாளருக்கும் மற்றவர் முன்னால் முகமில்லாமல் போகும், தனக்கும் முகமில்லாமல் போகும் என்றாள். அப்படியென்றால் நான் போய்க் கதைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டேன், வேண்டாம் என்றாள். மூன்றாந்தரம் கேட்டபோது பேசாமல் துவாயை மடித்தாள். எனக்கு அது போதும்.

பொறுப்பாளரின் அறைக்குள் கதவைத் தட்டிவிட்டு, பதில் வருமுன் போய்விட்டேன். நடந்ததையும், அவள் மூன்றாந்தரம் கேட்டால்தான் ஓம் என்பாள் என்பதையும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். அந்த அமைதி இருக்கிறதே, அதைவிட எரிச்சல் மூட்டும் பொருள் இந்த நாட்டில் வேறில்லை. "அவ வளந்த மனுசி. அவ சொன்னதை நான் மதிக்கவேணும். இல்லை எண்டால் இல்லைதான்" என்றார்.

எங்கள் இல்லத்தில், நடைகூடத்தின் கடைசி அறையில் ஒரு முதியவர் இருந்தார். அந்தக் காலத்தில் கப்பலில் வேலை செய்தவர். எந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோனாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் வேண்டாம் என்றதும் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு இதே பொறுப்பாளர்தான் என்னை நிறுத்திப் படிப்பித்தார். தட்டை எடுக்கக்கூடாது, வெளியே போய்க் கொஞ்சம் பொறுத்து வா, பக்கத்தில் இரு, வேறு விதமாகக் கேள், முதல் சொல்லை முடிவாக எடுக்காதே என்றார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாமே அந்த இரண்டாந்தரம் கேட்பதில்தான் நடக்கிறது.

அதை அப்படியே பொறுப்பாளரின் முகத்துக்கு நேரே எடுத்துப் போட்டேன். "கடைசி அறை ஐயாவை நாங்கள் எத்தினை தரம் கேக்கிறம்? அவர் வேண்டாம் எண்டால் பட்டினி போடுறமோ? ஆக்களைப் பாக்கிற இடத்தில வேலை செய்யிறவளை மட்டும் ஏன் ஒரு தரத்தோட விட்டனீங்கள்? விடிய வெள்ளன கூப்பிடேக்கை ஒருநாளாவது இல்லை எண்டவளோ? அதைவிட என்ன பதில் வேணும் உங்களுக்கு?"

அவர் காது சிவந்தது. ஐயா நோயாளி, இது வேறு விடயம் என்றார். பிறகு, மாணவிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார். கடைசியாகச் சிரித்துக்கொண்டு, அடுத்த தடவை இடம் வந்தால் கட்டாயம் மூன்று தரம் கேட்கிறேன் என்றார். பகிடி விட்டாராம். நான் கதவைச் சாத்திய சாத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. சட்டிகளோடு சண்டை பிடித்தபடி சமைத்தேன். "இஞ்சை பாரும், அந்தப் பிள்ளைக்கே இல்லாத கோவம் உமக்கேன்?" என்று கணவர் கேட்டார். அவளுக்கு இல்லாதபடியால்தான் எனக்கு வருகிறது என்றேன். அதன் பிறகு அவர் வெங்காயம் உரித்துத் தந்தார்.

அவள் வழக்கம்போல் கூப்பிட்டபோதெல்லாம் வந்தாள். அந்தக் கதையை எடுத்தால் வேறு கதைக்குத் தாவினாள். கிறிஸ்மஸ் போனது, புதுவருடம் வந்தது. ஜனவரியில் அந்த மாணவி, நிரந்தர வேலை கிடைத்த அதே பிள்ளை, ஒருநாள் வந்து உலகம் சுற்றப் போகிறேன், வேலையை விடுகிறேன் என்று சொன்னது. அதற்கும் வாஃபிள் சுட்டார்கள். நான் கோபப்படவில்லை. உள்ளுக்குள் துள்ளினேன். இடம் திரும்பி வந்துவிட்டதே!

பொறுப்பாளர் தான் சொன்ன சொல்லை மறக்கவில்லை, அதை நான் மறைக்கக்கூடாது. அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கதைத்தார். நான் நடைகூடத்தில் தள்ளுவண்டியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். பின்னால் வந்த பொறுப்பாளர் கையை விரித்தார்.

"நீ சொன்னபடி மூண்டு தரம் கேட்டனான். மூண்டு தரமும் இல்லை எண்டிட்டா" என்றார். அவர் குரலில் ஒரு சின்ன வெற்றி இருந்தது. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவளைக் கடைசி அறையில் கண்டுபிடித்தேன். சாப்பாட்டுத் தட்டோடு அந்த முதியவரின் பக்கத்தில் இருந்தாள். ஏன் இப்படிச் செய்தீர் என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"பேர்கனுக்கு வாறம் எண்டு வாக்குக் குடுத்திட்டம். மகளுக்குப் பள்ளிக்கூடமும் எடுத்தாச்சு."

"எப்ப குடுத்தனீர்?"

"அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே."

அவள் சிரிக்கவில்லை. வாயைப் பொத்தவில்லை. பாஷை வராது, என்னைவிடக் கெட்டிக்காரர் இருக்கிறார்கள் என்ற பேச்சே இல்லை. பொறுப்பாளரிடமும் இப்படித்தான் நேராக, ஒரு சொல்லில் சொல்லியிருக்கிறாள். இந்த நாட்டுக்கு விளங்குகிற மாதிரி 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு இந்த நாடு படிப்பித்துவிட்டது. அதுவும் இந்த நாட்டுக்கே சொல்ல.

முதியவர் கரண்டியைப் பார்த்து வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினார். அவள் தட்டைக் கீழே வைத்தாள். தலையணையைச் சரி செய்தாள், யன்னல் திரையை இழுத்துவிட்டாள், மறுபடி வந்திருந்து கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பிரியாவிடை அன்று கேக் வைத்தார்கள். பொறுப்பாளர் அவளிடம் தட்டை ஒரு தரம் நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். இன்னொரு தரம் நீட்டினார், மூன்றாந்தரமும் நீட்டினார். பழகிவிட்டாராம்! கேக்கில் காட்டிய இந்தப் பொறுமையில் பாதியை அந்தத் திங்கட்கிழமை காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவள் இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டாள். நான் அந்தக் கேக்கைத் தொடவில்லை.

இப்போது பேர்கனில் உணவக மேசைகளுக்கிடையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் நல்லா இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். நான் அதோடு விடுகிற ஆள் இல்லையே. மூன்றாந்தரம் கேட்டபோது, இங்கத்தைய வயதானவர்களைக் கனவில் காண்கிறேன் என்றாள்.

எங்கள் கூட்டங்களில் இப்போதும் புது ஆட்கள் வருகிறார்கள், வியட்நாம், எரித்திரியா, பிலிப்பைன்ஸ் என்று எங்கெங்கிருந்தோ. யாராவது தலையைக் குனிந்து சிரித்தபடி வேண்டாம் என்றால், "இன்னொருக்கா கேளுங்கோ" என்று ஹம்மர்பெஸ்ட் குரலில் நான் சொல்கிறேன். பொறுப்பாளர் பெருமூச்சு விடுவார், ஆனால் கேட்பார். ஒரு மனிதரிடம் இன்னொரு தரம் கேட்பதற்கு ஒரு வாய் கோப்பி குடிக்கிற நேரம்கூடப் பிடிக்காது. அந்த நேரம் அன்றைக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.