நூல் சுற்றிய பின்சக்கரம்

என் கணவரின் அண்ணனோடு நான் நேரில் பேசும் வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று, நான்கு வயது மகளிடம் சொல்வதுபோல் அவருக்குச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புவரை படித்த எனக்கு, ஒரு சைக்கிளைப் பற்றி வாய் திறக்க இருந்த வழி அதுதான்.

அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும். நிறுத்த வேண்டுமானால் காலால் பின்னுக்கு அழுத்த வேண்டும். என் கணவர் அதில் ஜலகண்டாபுரத்திலிருந்து சேலம் போகும்போது பின்னால் எங்கள் தறி வேட்டிகள் மூட்டையாக இருக்கும். முன்கம்பியில் மகள். காதில் சீழ் வடிந்ததால் வாரந்தோறும் அவளை டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது.

ஒருநாள் அண்ணனும் தம்பியும் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். நடுவிலுள்ள ஹப்பில், செயின் ஓடும் பல்சக்கரத்தைத் திருகி மாட்டும் மரை மழுங்கிப்போயிருந்தது. மரை தேய்ந்த கூஜாவில் மூடி எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"பெரியப்பாகிட்டச் சொல்லு சாமி, புது ஹப்பு வாங்கோணும்னு."

"உங்கம்மா சைக்கிள் கடை வெச்சா மொத யாவாரம் நம்மளுதுன்னு சொல்லு" என்று சிரித்தவர், தம்பியிடம் திரும்பினார். "நம்ம ஊட்டுல இல்லாத நூலா? சுத்தித் திருகுடா."

என் கணவர் கஞ்சியில் நனைத்த நூலை மரையில் சுற்றிப் பல்சக்கரத்தை ஏற்றினார். தெருவில் ஓட்டியும் காட்டினார். முன்னுக்கு மிதித்தால் இறுகத்தானே செய்யும்! பின்னுக்கு அழுத்தினால்? கேட்டேன். "புடிக்குது புள்ள, சும்மா பயப்படாத" என்றார்.

அவர் சேலத்துக்குப் புறப்படும்போது மகளைக் கம்பியிலிருந்து இறக்கிவிட்டேன்.

"அப்ப காது என்னத்துக்காவறது?" என்று மாமியார் சத்தம் போட்டார். மகளின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, தவறு செய்துவிட்டேனோ என்று குமைந்துகொண்டிருந்தேன்.

மதியம் என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏரிக்கரை இறக்கத்தில் காலை அழுத்தியதும் பல்சக்கரம் கழன்று தனியாகச் சுழல, சைக்கிள் நிற்காமல் வேலிக்குள் பாய்ந்திருக்கிறது. முழங்கையில் ரத்தம். மகளுக்காக முன்கம்பியில் கட்டியிருந்த துணித் திண்டு முழுக்கக் கள்ளிமுள்.

"அம்மன் காப்பாத்துனா, புள்ள அதுல இல்ல" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால், இறக்கிவிட்டவள் நானல்லவா? ஒருவர் வாயிலும் அது வரவில்லை!

அடுத்த வாரம் பஸ்ஸில் நானும் என் கணவரும் மகளோடு சேலம் போனோம். டாக்டரைப் பார்த்துவிட்டுச் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளக்கும் ஹப் ஒன்றை என் கணவர் கையில் வைத்தார். பக்கத்தில் மங்கலாக, கனமாக ஒரு எஃகு ஹப் கிடந்தது. அதில் இரண்டு மரைகள். பல்சக்கரத்துக்கு ஒன்று, அது பின்னுக்குக் கழலாமல் எதிர்ப்பக்கமாகத் திருகிப் பூட்டும் வளையத்துக்கு இன்னொன்று. பளபளத்ததில் அந்த வளையமே இல்லை.

மங்கலானதைக் காட்டி, "அதையே குடுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் கணவரைக் கேட்டார்: "ஏனுங்க, அம்மிணிதான் சைக்கிள் ஓட்டறாங்களா?"

"நான் ஓட்டறதில்லீங்க. எம்புள்ள அதுல உக்காருது."

வீட்டில் புது ஹப் மாட்டிய சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்த அண்ணன், "தம்பி நல்ல சாமானாத்தான் எடுத்திருக்கறான்" என்றார். என் கணவர் குனிந்து செயினை மாட்டினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "பெரியப்பாகிட்டச் சொல்லு சாமி, எடுத்தது அம்மான்னு."

அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னாள்.

அவளைக் கம்பியில் ஏற்றும் முன் அந்த வளையத்தை நானே திருகிப் பார்த்தேன். அசையவில்லை.