கைதிக்கு மோர்மிளகாய்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடமாகியும், எங்கள் பிளாக்கில் என் கணவரிடம் யாரும் நின்று பேசியதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஷிப்ட் முடிந்து வந்தால் தலையைக் குனிந்தபடியே கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் இவர். ஆனால் மாடி வீட்டில் கேரம் ஆடும் சத்தம் கேட்டால் மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார். பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

சுதந்திர தின விழாவுக்காக பிளாக்குக்காரர்களே ஒரு குட்டிப் போர்ப்படம் எடுக்கக் கிளம்பினார்கள். எல்லாருக்கும் ராணுவ வீரர் வேஷம்தான் வேண்டுமாம். பிடிபட்ட எதிரியாக நடிக்க ஆளே இல்லை. டைரக்டர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். என் கணவரின் தாடியைப் பார்த்ததும், "சார், மேக்கப்பே வேணாங்க, நீங்கதான் நம்ம கைதி" என்றார். எதற்குத் தாடி என்று அவர் கேட்கவில்லை. இந்த மனுஷனும் சொல்லவில்லை. நம்மையும் கூப்பிட்டார்களே என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டார்.

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புதான் போர்க்களம். கைகள் கட்டப்பட்ட கைதிக்கு நம் வீரர் சோறு ஊட்டுவார். கைதி அழுதுகொண்டே சாப்பிட்டுவிட்டு, "எங்க நாட்டுல ஒருநாளும் இப்படிச் சோறு போட்டதில்ல" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் நம் பெருமை தெரியுமாம்!

பார்சலைப் பிரித்தார்கள். சிக்கன் பிரியாணி! தள்ளி உட்கார்ந்திருந்த நான் பதறி எழுந்தேன். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார் இவர். தாடியே அதற்காகத்தான். கவுச்சி சாப்பிட்டால் விரதம் போகும், மறுத்தால் படம் கெடும். ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டவர்கள் இனி கூப்பிடவே மாட்டார்கள். மனுஷன் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"சாப்டுகினே அழுவணும் சார், அடம் புடிக்காதீங்க!" என்று கத்தினார் டைரக்டர்.

வீரராக நடித்த மாடி வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் மஞ்சள் காப்புக் கயிறு தெரிந்தது.

"ஐயையோ, சாரு காப்புக் கட்டிகினு இருக்காரு! கவுச்சிய ஊட்டப் பாத்தேனே, ஆத்தா மன்னிச்சுக்கோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர், கையைக் கழுவிவிட்டுத் தன் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே தயிர்சாதம். கட்டை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல், "ஒரு வாய் வாங்கிக்குங்க சார்" என்று அவரே ஊட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சத்தியமாக நடிப்பில்லை. அந்த அழுகையிலும் வாய் நிறையச் சோற்றோடு ஒன்று கேட்டார் பாருங்கள்:

"மோர்மிளகா இருக்குங்களா?"

தோப்பே குலுங்கிச் சிரித்தது. கேமராவை நிறுத்த யாருக்கும் நினைவில்லை. டைரக்டர் தலையிலடித்துக்கொண்டாலும் அந்தக் காட்சியை வெட்டவில்லை. விழாவில் விசில் பறந்ததும் அதற்குத்தான். அன்றிலிருந்து இவர் பிளாக்குக்கே 'கைதி சார்'. இவர் போகாமல் மாடியில் கேரம் தொடங்குவதில்லை. சாப்பிட வாங்க என்று கீழிருந்து கத்தியே எனக்குத் தொண்டை போகிறது.

இப்போதெல்லாம் போர்ப்படங்களில் கட்டுண்ட கைதி ஒருவர் கேமராவைப் பார்த்து நன்றி சொன்னால், அந்த வசனம் என் காதில் ஏறுவதே இல்லை. அந்தக் கயிற்றுக்கு அடியில், வீட்டில் யார் வேண்டிக் கட்டிவிட்ட கயிறு இருக்கிறதோ என்றுதான் என் கண் தேடுகிறது.