முளைக்குச்சி விழுந்த இடம்

என் மகள் தனியார் விதை நிறுவனத்தின் உதவித்தொகையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது நான் தடுத்துப் பார்த்தேன். "கம்பெனிக் காசுல அவங்க விதையையே எடை போடப் போறியா? அரசாங்கப் பணம்னா இந்த வம்பு இல்லை" என்றேன். வேளாண்துறையில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்ப்பவள் சொன்ன சொல் அது.

தை மாதம் நன்னிலம் பக்கம் சோதனை வயலில் நெல் அறுவடை. விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். மகசூலை அளக்க முழு வயலையும் அறுப்பதில்லை. தென்மேற்கு மூலையிலிருந்து, குலுக்கலில் வந்த எண்ணின்படி அடி எண்ணிப் போய், முளைக்குச்சி அடித்து, அங்கே ஒரு சதுரம் மட்டும் அறுப்போம். அன்று குச்சி, புகையான் பூச்சி அடித்துத் திட்டாகக் காய்ந்த இடத்தில் விழுந்தது.

நிறுவனத்தின் கள அலுவலர் சிரித்தார். "மேடம், இது வயலே இல்லை, வைக்கோல் போரு. கொஞ்சம் தள்ளி அடிங்க."

"எண்ணு இங்கதான் சார் வந்திருக்கு" என்றாள் மகள்.

"எண்ணா உதவித்தொகை கொடுக்குது?"

அவள் முகம் சுண்டியது. இன்னும் ஓராண்டுப் படிப்பு பாக்கி. நான் அருகில் போய், "நாலு அடிதானேம்மா, தள்ளிக்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ அப்படித்தான் செஞ்சியா?"

செய்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரசு வெளியிட்ட ரகத்தின் சோதனையில். மேலதிகாரி அதட்டக்கூட இல்லை. "நம்ம ரகம், பார்த்துப் போடுங்க" என்றார். குச்சியை, பயிர் செழித்திருந்த வாய்க்கால் தலைப்புக்கு நகர்த்தினேன். அந்த மகசூலைக் காட்டித்தான் அந்த வயலின் நிலக்காரர், விளைச்சல் பொய்த்ததால் குத்தகை கொடுக்க முடியாது என்று சொன்ன குத்தகைதாரரை நீதிமன்றத்துக்கு இழுத்தார். குத்தகைதாரர் நிலத்தை விட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வரப்பில் நின்றபடியே அதை அவளிடம் சொன்னேன். அவள் குனிந்து, குச்சி விழுந்த இடத்திலேயே சதுரத்துக்குக் கயிறு கட்டினாள்.

அடுத்த ஆண்டுக்கான உதவித்தொகையை நிறுவனம் நிறுத்திவிட்டது. காரணம் எழுதவில்லை. இப்போது அரசு நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்காணலுக்கு முந்தைய நாள், "அங்க யாராவது பார்த்துப் போடச் சொன்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது என்று தோன்றுகிறது.